இருபத்தாறா, எழுநூறா

துளசி ஈப்போ அமான்ஜெயா பேருந்து முனையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் அவள் கையால் டிக்கெட் வாங்கிப் போனவர்களை ஒன்றாகச் சேர்த்தால் ஓர் ஊரே தேறும். அவள் மட்டும் எங்கும் போனதில்லை. கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இலவசப் பயணம் உண்டு. கூட வேலை பார்க்கும் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலாக்கா வரைக்கும் போய் வருவார்கள். துளசியைக் கேட்டால், "வீட்டுல தம்பி இருக்கான்லா" என்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், ஏதோ பள்ளிக்கூடம் போகிற பையன் என்று நினைத்துக்கொள்வார்கள். தம்பி யுகேந்திரனுக்கு நாற்பத்தோரு வயது. அவளைவிட எட்டு வயது இளையவன்.

அவர்கள் பிறந்தது பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு நிர்வாகம் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது குத்தகை ஆட்கள் வெளியிலிருந்து வந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளோடு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். அப்பா கல்குவாரிக்குப் போனார். அம்மா ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினாள். துளசி ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். யுகேந்திரன் படிப்பில் சூட்டிகை. பொலிடெக்னிக் முடித்து, மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தான்.

இருபத்து மூன்றாவது வயதில் அவனுக்கு நோய் கண்டது. முதலில் தூக்கம் போனது. பிறகு ஓயாத பேச்சு. அதற்குப் பிறகு ஒரு நூல்கண்டை வாங்கி வந்து வீட்டை அளக்க ஆரம்பித்தான். சுவருக்குச் சுவர் நூலைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, மறுநாள் மறுபடி அளப்பான். சுவர்கள் உள்ளே நகர்ந்து வருகின்றன என்று சொன்னான். அம்மா கோயிலில் பூசாரியிடம் மந்திரிக்கக் கூட்டிப் போனாள். துளசிதான் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே மருந்து கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள். நல்லபடியாகத்தான் இருந்தான்.

ஏழெட்டு வருஷம் கழித்து, அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன சமயம், மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டான். ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. துளசி போலீசில் சொல்லி, தெரிந்தவர்களையெல்லாம் கேட்டு, கடைசியில் ஏதோ தோன்றி, பிறந்த தோட்டத்துக்குப் போனாள். லயம் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. வரிசை வரிசையாக எல்லாம் ஒன்றுபோல இருந்த அந்த இருட்டுக்குள்ளே, ஒரு மரத்தடியில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும், "வீட்டைக் காணோம்கா" என்றான்.

அந்த முகத்தைத் துளசி மறக்கவேயில்லை. அதற்குப் பிறகு அவள் வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அந்த முகத்தை மறுபடி பார்க்காமல் இருப்பதற்காகத்தான். மாத்திரை அவள் கண்ணெதிரே. சாப்பாடு நேரத்துக்கு. பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். முனையத்தில் இருந்தபடியே இடையில் இரண்டு தடவை அவனுக்குப் போன் செய்வாள். அவளைப் பெண் கேட்டு ஒரு நல்ல இடம் வந்தது. தைப்பிங்கில் வேலையிலிருந்த ஒருவர். தம்பியை எங்கேயாவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். துளசி தேநீரைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அப்படி ஒருவர் வந்து போனது யுகேந்திரனுக்கு இன்றுவரை தெரியாது.

பத்து வருஷம் அப்படிப் போயிற்று. யுகேந்திரன் ஒரு பேரங்காடியின் பின்பக்கக் கிடங்கில் சாமான் அடுக்கும் வேலை பார்த்தான். மோட்டார் சைக்கிள் ஓட்ட அவள் விடவில்லை. ஒரு பழைய சைக்கிளில் போய் வந்தான். அமைதியானவன். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வான். அவளும் அந்த அமைதியைப் பார்த்துப் பார்த்து, அவன் குணமானதற்கு அதுதான் அடையாளம் என்று நம்பிவிட்டாள்.

போன வருஷம் அந்த அமைதி கலைந்தது.

கடலோர லுமுட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் ஆயர் தாவாரில் தனேஸ்வரன் என்று அவனுக்கு ஒரு நண்பர். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் பக்கத்துக் கட்டில். இப்போது செம்பனைக் கன்றும் பூச்செடியும் வளர்த்து விற்கும் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். அவர் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு கெடா வரைக்கும் போய் வந்ததைப் படம் பிடித்துப் போனில் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த அன்று யுகேந்திரன் சோற்றில் கை வைத்தபடியே சொன்னான்:

"அக்கா, நான் ஒரு ஸ்டீல் சைக்கிள் வாங்கப் போறேன். தூரம் போற சைக்கிள்."

பழைய சைக்கிள் உடைந்துபோயிற்றோ என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. ஏன் ஸ்டீல் என்றால், அலுமினியம் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், இரும்பு என்றால் எந்தப் பட்டிக்காட்டுப் பட்டறையிலும் பற்றவைத்துக்கொள்ளலாம். பாரத்தை ஏற்றினாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், முதுகுக்கு இதம். இதெல்லாம் அவன் அவளுக்குச் சொன்னது. சக்கரத்துக்கு வந்தபோதுதான் பெரிய இழுபறி. இருபத்தாறு அங்குலச் சக்கரமா, எழுநூறு என்று சொல்கிற பெரிய சக்கரமா? சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தட்டையும் அதைவிடக் கொஞ்சம் சின்னத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உருட்டிக் காட்டினான். பெரியது தார் ரோட்டில் சுகமாக உருளும், குழியில் இறங்காமல் தாண்டும். சின்னது கெட்டி, கம்பிகள் குட்டை, சுமை தாங்கும். செம்மண் பாதையில் தடித்த டயர் போடலாம். வழியில் போத்தா, பாரிட் மாதிரி சிற்றூரில் டயர் கிழிந்தால் சின்னச் சைக்கிள் கடையில்கூட இருபத்தாறு கிடைக்கும், எழுநூறில் தடித்த டயர் கிடைக்காது. ஆனால் இப்போது புதிதாக வருவதெல்லாம் எழுநூறு. நாளைக்கு இருபத்தாறுக்கு நல்ல டயர் வராமலே போய்விட்டால்?

"இதுல ஒண்ண எடுத்துட்டா ஃப்ரேமே அதுக்குத் தக்கனதான்க்கா. அப்புறம் மாத்த முடியாது. அதனாலதான் யோசிக்கிறேன்."

ஒரு வாரம் இருபத்தாறு என்பான். மறுவாரம் எழுநூறு. நடுவில் சிரித்துக்கொள்வான். போனில் தனேஸ்வரனோடு இதைப் பற்றியே பேசிக் கலகலவென்று சிரிப்பான். கோப்பெங் சாலைப் பக்கம் லாம் என்ற சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். வேலை முடிந்து அங்கே போய் நின்றுவிட்டு வருவான். வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் வியர்வையும் வெளிச்சமுமாக இருக்கும்.

துளசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அளவுக்கு மீறி மினுக்குகிறதா? பேச்சு வேகமாகிறதா? ஒரே பேச்சு, ஓயாத பேச்சு. அன்றைக்கும் இப்படித்தானே தொடங்கிற்று. அதுவும் தூரம் போகிற சைக்கிள். எங்கே போவதற்கு? அவன் குளிக்கப் போன நேரத்தில் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் குறைந்திருந்தன. அப்படியும் மனசு ஆறவில்லை. வாயில் போட்டுத் துப்பிவிட்டால்?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் வேலைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் பின்னால் வந்து, "அக்கா, கொஞ்சம் நேரா நில்லு" என்றான். திரும்புவதற்குள், அவள் இடுப்பெலும்பிலிருந்து தரை வரைக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, குனிந்து, முடிச்சுப் போட்டான்.

துளசி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கத் தோன்றாமல் நின்றாள். துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். எதுக்குடா இது என்று கேட்டாள். "சொல்லமாட்டேன், போ" என்று சிரித்துக்கொண்டே நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் காலை அவள் பசியாறப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தான். "முடிவு பண்ணிட்டேன்க்கா. எந்தச் சக்கரம்னு கேளேன்" என்று ஆரம்பித்தான். அவள் தட்டை அவன் முன்னால் தள்ளினாள். முதல்ல சாப்பிடு, அப்புறம் கேக்கிறேன் என்றாள். அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். அந்த அப்புறம் வரவேயில்லை.

பக்கத்து வீட்டு ராமையா அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு வாடகைக்குக் கார் ஓட்டுபவர். துளசி வேலி ஓரமாக அவரிடம் பேசி வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை விடுப்பு எடுத்தாள். தம்பியிடம், சைக்கிள் கடைக்கு நானும் வாரேன், எது நல்லதுன்னு பாத்து வாங்குவோம் என்றாள். அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியை அவள் பார்த்தாள். பார்த்தும் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவனும் வேலைக்கு விடுப்புச் சொன்னான். தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, காரில் முன்னால் ஏறி உட்கார்ந்தான். லாம் கடையில் எங்கே கார் நிறுத்தலாம் என்று ராமையாவுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தான். ராமையா ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

கார் கோப்பெங் பக்கம் திரும்பாமல் வடக்கே போயிற்று. "அண்ணே, இது தஞ்சோங் ரம்புத்தான் ரோடு" என்றான் யுகேந்திரன். ராமையா கண்ணாடியில் துளசியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யுகேந்திரனும் பின்னால் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும், யாரும் சொல்லாமல் தானே இறங்கி, போனையும் பெல்ட்டையும் கழற்றி அவள் கையில் கொடுத்தான். உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்றே நினைத்திருக்கிறான்.

டாக்டர் பிரமிளா அவனோடு நெடுநேரம் பேசினார். பிறகு துளசியை உள்ளே கூப்பிட்டார். நல்ல மாதிரியான டாக்டர், கடிந்து பேசவில்லை. துளசி சொன்னதையெல்லாம், நூல் வரைக்கும், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க பயந்தது தப்பில்ல. ஆனா அவரு நல்லாத்தான் இருக்காரு. மருந்து எடுக்கிறாரு, வேலைக்குப் போறாரு, தூங்குறாரு. சைக்கிள் வாங்க ஆசைப்படுறாரு. அவ்வளவுதான்."

மருந்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டாமா என்று துளசி கேட்டாள். வேண்டாம் என்றார் டாக்டர். அப்போது கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் யுகேந்திரன் உட்கார்ந்திருந்தான்.

வீட்டு வாசலில் ராமையா இறக்கிவிட்டுப் போன பிறகு, யுகேந்திரன் கேட்டைத் திறந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சந்தோஷமா இருந்தேன். அதுக்கும் மருந்து கேட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை. பிறந்த நாளிலிருந்து அவளை 'நீ, வா, போ' என்றே பேசி வளர்ந்தவன். அன்றைக்கு முதல் தடவையாக 'நீங்க' வந்தது. துளசி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு யுகேந்திரன் அவள் விரும்பிய மாதிரியே இருந்தான். வேலைக்குப் போனான், வந்தான். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான். பத்து மணிக்கு விளக்கை அணைத்தான். போனில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. இரவு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்ததும், அவள் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து, நாக்கை மேலே தூக்கிக் காட்டுவான். வார்டில் செய்யச் சொல்வார்கள், அதுபோல. வேணாம்டா யுகா என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "இருக்கட்டும்க்கா. பாத்துக்கோங்க" என்றான். மறுநாளும் காட்டினான்.

சைக்கிளைப் பற்றி அவளாகவே பேச்செடுத்தாள். அவன் அதெல்லாம் விடுங்க என்று எழுந்து போய்விட்டான். தட்டை எடுத்து மேசையில் நிறுத்திக்கூடப் பார்த்தாள், எது பெரியது எது சின்னது என்று கேட்டு. அவன் அந்தத் தட்டை வாங்கிக் கழுவி அடுக்கி வைத்தான்.

ஒரு விடுமுறை நாளில் துளசி தனியாக லாம் கடைக்குப் போனாள். எப்படியாவது சைக்கிளை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டால் அவன் மனம் இளகிவிடும் என்று நினைத்தாள். லாம் அறுபது வயதுக்காரர், கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. யுகேந்திரனின் அக்கா என்றதும் நாற்காலி இழுத்துப் போட்டார். ஏன் ஆளையே காணோம் என்று மலாயில் கேட்டார். உடம்பு சரியில்லை என்றாள். அவளுக்கே அந்தப் பொய் கசந்தது.

அப்புறம் அவர் கேட்டார்: எந்தச் சக்கரம் என்று முடிவாகிவிட்டதா? இருபத்தாறா, எழுநூறா? முடிவு செய்துவிட்டு வந்து சொல்வதாகத்தான் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

துளசி வாயைத் திறந்தாள். மாதக்கணக்கில் அவள் வீட்டு மேசையில் நடந்த பேச்சு அது. கம்பி குட்டை என்றது எதை? குழியைத் தாண்டும் என்றது எதை? போத்தாவில் கிடைக்காது என்றது எந்த டயர்? அவன் கண் மினுக்கியது ஞாபகம் இருந்தது, கை ஆடியது ஞாபகம் இருந்தது, சொன்ன சொல் ஒன்றுகூட நிற்கவில்லை. முடிவு பண்ணிட்டேன்க்கா, கேளேன் என்று அவன் சொன்ன அந்தக் காலை நேரம் மட்டும் ஞாபகத்துக்கு வந்தது.

அவள் விழிப்பதைப் பார்த்து, லாம் மெதுவாகத் தன் பங்குக்குச் சொன்னார். உங்கள் தம்பி அளவுக்கு இரண்டுமே சரிப்படும், அவர் தனக்கு மட்டும் வாங்குவதாக இருந்தால் எழுநூறு எடுத்துக்கொண்டு போயிருப்பார். இரண்டு சைக்கிள் என்பதால்தான் குழப்பம்.

இரண்டா என்றாள் துளசி.

"ஒண்ணு அவருக்கு. ஒண்ணு கக்காவுக்கு" என்று அக்காவை மலாய் வழக்கில் சொன்னார் லாம். அக்கா குள்ளம், எழுநூறு சக்கரத்தில் ஃப்ரேம் உயரமாகிவிடும், வளைக்கும்போது அக்காவின் கால் முன்சக்கரத்தில் இடிக்கும் என்று அவன் கவலைப்பட்டானாம். அக்காவுக்கு இருபத்தாறுதான் என்றால், தனக்கும் இருபத்தாறே எடுத்தால் இரண்டு பேருக்கும் ஒரே டியூப், ஒரே டயர் கொண்டுபோகலாம். ஆனால் தனேஸ்வரன் எழுநூறு ஓட்டுகிறார். அவரோடு போகும்போது தான் பின்தங்கிவிடுவோமோ. இதுதான் அவனுடைய இழுபறி. அக்கா இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுக்கிறாள், லுமுட் கடலைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னானாம். அவள் கால் அளவை வீட்டில் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பதாகச் சொல்லிப் போனானாம்.

துளசி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதாள். தொங்கிக்கொண்டிருந்த டயர்களுக்கு நடுவே, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பாராமல், சேலைத் தலைப்பு இல்லாத சுடிதாரில் முகத்தைத் துடைக்க எதுவும் அகப்படாமல், உள்ளங்கையால் துடைத்துத் துடைத்து அழுதாள். லாம் கடை வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

அவனுக்கு மட்டும் ஒரு சைக்கிள், இருபத்தாறு என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் அதைத்தான் முடிவு செய்திருப்பான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன்னை விட்டு அவன் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்?

சைக்கிள் வந்த அன்று லாமே வேனில் கொண்டுவந்து இறக்கினார். கரும்பச்சை நிற இரும்பு, முன்னும் பின்னும் பை மாட்டக் கம்பிகள், தடித்த டயர். யுகேந்திரன் வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு கிட்டப் போனான். குனிந்து பற்றவைத்த இடங்களை விரலால் தடவினான். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, அது நிற்கும் வரைக்கும் பார்த்தான்.

"சரியான சைஸ்தான்க்கா. நன்றி" என்றான்.

கடைக்காரரிடம் சொல்வது போல இருந்தது அந்த நன்றி. அவள் பொறுக்க முடியாமல், எல்லாவற்றையும் லாம் சொல்லிவிட்டார் என்றாள். எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுடா என்றாள். நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன், நானும் உன்கூட வருகிறேன், நீ எங்கே போனாலும் மெதுவாகப் பின்னால் வருகிறேன் என்றாள்.

யுகேந்திரன் சக்கரத்தைத் தரையில் இறக்கி வைத்தான்.

"வேணாம்கா. நீங்க வந்தா ரோட்டப் பாக்க மாட்டீங்க. கடலையும் பாக்க மாட்டீங்க. என்னையத்தான் பாத்துக்கிட்டு வருவீங்க."

அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அப்போதுகூட அவள் அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே மற்றதையும் சொன்னான். தனேஸ்வரனின் பண்ணையில் ஆள் வேண்டுமாம். தங்க அறையும் இருக்கிறதாம். டாக்டர் பிரமிளாவிடம் தானே போய்ப் பேசிவிட்டதாகவும், மருந்தை அங்கேயே பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ள ஏற்பாடாகிவிட்டதாகவும் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகுதான் அவளிடம் சொல்கிறான். ஒரு வயதுக்கு வந்த மனிதன் செய்வதை அவன் செய்திருந்தான். அவளுக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவன் புறப்பட்டது ஒரு விசாகத்துக்கு முந்தின நாள். விடிந்து பனி விலகுகிற நேரம். இரண்டு பையில் துணிமணி, பின்னால் ஒரு சுருட்டிய படுக்கை. துளசி நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். ஒரு பொட்டலம் போதும் என்று மற்றதைத் திருப்பிக் கொடுத்தான். கேட்டருகே கால் ஊன்றி நின்றபோது அவள் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவன் விலகவில்லை. குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு ஏறி மிதித்தான். ராமையா அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

லாஹாட், பூசிங், சிபூத்தே, போத்தா என்று ஒவ்வொரு ஊராக அவள் மனம் அவனோடு போயிற்று. வேலைக்குப் போனாள். கவுண்டருக்கு வந்தவர் பினாங்குக்குக் கேட்டார்; லுமுட்டுக்கு அடித்துக் கொடுத்துவிட்டாள். மாலையில்தான் செய்தி வந்தது: வந்து சேர்ந்துட்டேன். ஒரு டயரும் பஞ்சராகலை. அவள் பத்திரமா, சாப்பிட்டியா, மாத்திரை என்று எழுதினாள். மாத்திரையை அழித்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சந்தோஷம் என்று மட்டும் அனுப்பினாள்.

இலவசப் பயணச் சீட்டை அவள் முதன்முதலாக எடுத்தது நாலு மாதம் கழித்து. லுமுட் பேருந்தில் ஏறி ஆயர் தாவாரில் இறங்கினாள். செம்பனை வரிசைகள் ஊர் எல்லை வரைக்கும் கூடவே வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யுகேந்திரன் நிறுத்தத்துக்கு வந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். வெயிலில் கறுத்திருந்தான். தோள் விரிந்திருந்தது. பண்ணையில் தனேஸ்வரனும் அவர் மனைவி சிவாஜினியும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மீன் குழம்போடு சாப்பாடு போட்டார்கள். யுகேந்திரன் நாற்றுகளைக் காட்டினான். போன மாதம் கெடா வரைக்கும் போய் வந்ததைச் சொன்னான். அலோர் ஸ்டாரில் மழையில் ஒரு பள்ளிவாசலில் ஒதுங்கியிருந்ததைச் சொல்லும்போது அவனும் தனேஸ்வரனும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். என்னவென்று துளசிக்கு விளங்கவில்லை. அவளும் சிரித்தாள்.

குழம்பு ஊத்தட்டுமாக்கா, வெயிலா இருக்கா, உள்ள வந்து உட்காருங்க என்று விழுந்து விழுந்து உபசரித்தான். தூரத்து உறவு ஒன்று வந்தால் நடத்துவது போல. ஒரு குறை இல்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்பதை அவள் ஒரு வாய்க்கு ஒரு வாய் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். இந்த நன்மையில் தன் பங்கு எதுவும் இல்லை என்றும் தெரிந்தது. அம்மா சாகும்போது, அவனைத் தனியா விட்டுறாத என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். அவள் விடவில்லை. விடாமல் பிடித்ததில்தான் நழுவிப் போனான்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தான். ஒரு பையில் இரண்டு ரோஜாக் கன்றுகளைக் கட்டிக் கொடுத்தான். கடலைப் பார்க்க லுமுட்டுக்குப் போகலாமா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஈப்போ பேருந்து இன்னும் வரவில்லை. நாற்று ஏற்றிப் போக லாரி வருகிற நேரம் என்று அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள், நீ போடா, நான் பாத்துக்கிறேன் என்றாள்.

"சரிக்கா. பத்திரமா போங்க" என்று சொல்லிவிட்டு ஏறினான். வளைவு வரைக்கும் தெரிந்தான்.

பேருந்து தாமதமாகத்தான் வந்தது. ஓட்டுநர் அவளைத் தெரிந்தவர். என்னாக்கா இந்தப் பக்கம் என்று கேட்டார். தம்பியப் பாக்க வந்தேன் என்றாள். நல்லா இருக்காரா என்றார். நல்லா இருக்கான் என்று சொல்லி, கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். போத்தா பாலம் தாண்டும்வரை அழுகையை அடக்கி வைத்திருந்தாள்.